முக்கால் பவுண்டு

மாமனார்: பக்கத்தில் இருக்கிற பெரியவர் எத்தனை பவுண்டு வைத்திருப்பார் மாப்பிள்ளை?

மருமகன்: இருபது இருக்கும் மாமா. கூடவும் இருக்கலாம்.

மாமனார்: உங்களிடம்?

மருமகன்: முக்கால்.

மாமனார்: முக்கால் பவுண்டை வைத்துக்கொண்டா வீட்டை விட்டுக் கிளம்பி வந்தோம்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மதுரையிலேயே இன்னும் கொஞ்சம் மாற்றி எடுத்து வந்திருப்பேனே.

மருமகன்: பணம் இல்லை மாமா. மீன். தூண்டிலில் பிடித்த மீனின் எடை.

மாமனார்: ராத்தல் என்று சொல்லுங்கள். அப்படியானால் இரண்டு மணி நேரத்தில் முக்கால் ராத்தல். 340 கிராம்.

மருமகன்: கணக்குப் போடாதீர்கள் மாமா.

மாமனார்: முப்பத்தொரு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியவன். என்னைக் கணக்குப் போடாதே என்றால் நான் வேறு என்ன செய்வது? அந்தக் கம்பு என்ன விலை என்றீர்கள்?

மருமகன்: நான் சொல்லவே இல்லையே.

மாமனார்: என் மகள் சொன்னாள். 2,300 பவுண்டு. இது ராத்தல் இல்லை, பணம். நம் காசுக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல். இதுவரை பிடித்த மீன் கிராமுக்கு எழுநூறு ரூபாயைத் தாண்டுகிறது. வெள்ளி இதைவிடச் சல்லிசு.

மருமகன்: கார்பன் இழை மாமா. முழுதாக நீட்டினால் 16 மீட்டர். காற்று அடிப்பதால் இன்று 13-இல் நிறுத்தியிருக்கிறேன். இல்லாவிட்டால் அந்தத் தீவின் ஓரம்வரை போயிருப்பேன்.

மாமனார்: தீவில் என்ன?

மருமகன்: மீன் அங்கேதான் இருக்கும்.

மாமனார்: பெரியவர் காலடியில் அல்லவா போடுகிறார்? அவர் கம்பு மூன்று மீட்டர்கூட இல்லை.

மருமகன்: அது கரையோரம். பகல் நேரத்தில் அங்கே மீன் வராது.

மாமனார்: வராத மீன் இருபது ராத்தல் அவர் வலைக்குள் கிடக்கிறதே.

மருமகன்: அவருக்கு நல்ல இடம் விழுந்துவிட்டது மாமா. காலையில் பார்த்தீர்களே, போட்டி தொடங்குமுன் பைக்குள் கைவிட்டு எண் எடுத்தோமே. எடுத்த எண்ணில்தான் உட்கார வேண்டும். எனக்கு 7 வந்தது. 7 சரியில்லை என்பது எங்கள் தூண்டில் சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

மாமனார்: அவருக்கு?

மருமகன்: 8.

மாமனார்: இங்கிருந்து துப்பினால் அங்கே விழும்.

மருமகன்: மீன் விஷயத்தில் அது பெரிய தூரம் மாமா.

மாமனார்: போன மாதம் உங்களுக்கு எந்த எண்?

மருமகன்: 12. அங்கே வெயில் முகத்தில் அடிக்கும். அதற்கு முந்தின தடவை 3, பக்கத்தில் மரம்.

மாமனார்: மொத்தம் எத்தனை இடம்?

மருமகன்: 15.

மாமனார்: அதில் உங்களுக்குச் சரியில்லாதவை?

மருமகன்: பதினொன்று இருக்கலாம். ஏன்?

மாமனார்: இன்னும் நான்குதான் பாக்கி. அதற்குள் நான் ஊருக்குப் போய்விடுவேன். மாப்பிள்ளை, உங்கள் தக்கை எங்கே?

மருமகன்: இருக்கிறது. அலையில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மாமனார்: தூண்டில்காரனுக்குத் தக்கைமேல் கண் என்பார்கள். இங்கே கண் இருக்கிறது, தக்கையைக் காணோம்.

மருமகன்: அதன் நுனி தீக்குச்சியைவிட மெல்லியது மாமா. இந்தக் காற்றில் கம்பை ஆடாமல் பிடிப்பதே பெரிய பாடு. நரம்பைக் காற்று வில்லாக வளைக்கிறது, அது தக்கையை இழுக்கிறது, தக்கை முள்ளை இழுக்கிறது. இரை ஓடினால் மீன் சந்தேகப்படும். போதாக்குறைக்கு, மேல் தண்ணீரைக் காற்று அந்தக் கரைக்குத் தள்ளுகிறதா? அது அடியில் இந்தக் கரைக்கே திரும்பி வரும். மேலே ஒரு போக்கு, அடியில் ஒரு போக்கு.

மாமனார்: இது புரிகிறது. எங்கள் சங்கத்து நிர்வாகக் குழுவும் அப்படித்தான்.

மருமகன்: அதனால்தான் சொல்கிறேன். எல்லாம் காற்றினால் வந்த வினை.

மாமனார்: போன ஞாயிற்றுக்கிழமை?

மருமகன்: அன்றைக்குக் காற்றே இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. நம் நிழல் தெரிந்தாலே மீன் ஒதுங்கிவிடும்.

மாமனார்: சரி.

மருமகன்: என்ன சரி?

மாமனார்: பேரேட்டில் எழுதிக்கொள்கிறேன். காற்று அடித்தாலும் மீன் இல்லை, அடிக்காவிட்டாலும் மீன் இல்லை. இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது.

(மருமகன் பதில் சொல்லாமல் ஒரு வாளியில் பழுப்பு நிறத் தூளைக் கொட்டித் தண்ணீர் தெளித்துப் பிசைகிறார்.)

மாமனார்: இது என்ன, புட்டா?

மருமகன்: மீனைக் கூட்டுகிற தூள். பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீருக்குள் போனதும் உதிர வேண்டும்.

மாமனார்: புட்டுப் பதம்தான். என் மகளுக்கு ஒருநாளாவது இப்படிப் பிசைந்து கொடுத்திருக்கிறீர்களா?

மருமகன்: அவளுக்குப் புட்டு பிடிக்காது மாமா.

மாமனார்: யார் சொன்னது? அது போகட்டும். நேற்று ராத்திரி வயிறு சரியில்லை, கொஞ்சம் தயிர் சாப்பிடலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தேன். இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை டப்பா.

மருமகன்: ஐயையோ.

மாமனார்: மூடியில் ஊசியால் குத்தின மாதிரி ஓட்டைகள். தயிர் புளிக்காமல் இருக்க இந்த ஊரில் இப்படி ஒரு வழி என்று நினைத்தேன். திறந்தால் வெள்ளையும் சிவப்பும். மாதுளை முத்துப் போட்ட தயிர்ச்சோறு என்றே நம்பினேன். கரண்டியை வைக்கப் போகும்போது அது நகர்ந்தது.

மருமகன்: வெளியே வைத்தால் சில நாளில் கூட்டுப்புழுவாகி, அப்புறம் ஈயாகப் பறந்துவிடும் மாமா. கடையிலும் குளிரில்தான் வைத்திருப்பார்கள். ஒரு பைன்ட் வாங்கினேன்.

மாமனார்: இங்கே பீரை அளக்கிற பைன்ட்டா?

மருமகன்: அதே பைன்ட்தான்.

மாமனார்: உழக்கு உழக்காகப் புழுவை அளந்து விற்கிறார்கள், அதை என் மகள் கத்தரிக்காய்க்குப் பக்கத்தில் வைத்துக் குடும்பம் நடத்துகிறாள். மாப்பிள்ளை, உங்கள் கல்யாணத்துக்கு நான் நாற்பது போட்டேன்.

மருமகன்: பவுண்டா?

மாமனார்: பவுன்! நாற்பது பவுன்! அது பத்திரமாக இருக்கிறதா, இல்லை இந்தக் கம்புக்குள் இருக்கிறதா?

மருமகன்: பாங்கு லாக்கரில் இருக்கிறது மாமா. கம்புக்குள் ரப்பர் நரம்புதான் ஓடுகிறது. இதில் உருளை கிடையாது, பெரிய மீன் இழுத்தால் அந்த ரப்பர் நீளும்.

மாமனார்: இன்றைக்கு நீண்டதா?

மருமகன்: பெரிய மீன் வர வேண்டாமா?

(திடீரென்று கடிக்கிறது. பதின்மூன்று மீட்டர்க் கம்பில் மீனை எடுக்கக் கம்பையே முழங்கை முழங்கையாகப் பின்னால் தள்ளி, நடுவில் கழற்ற வேண்டும். இந்த விவரம் தெரியாதவர்கள் அதன் பின்னால் நிற்கக் கூடாது. மாமனார் நின்றார்.)

மாமனார்: அம்மா!

மருமகன்: பின்னால் நிற்காதீர்கள் என்று அப்போதே சொன்னேனே!

மாமனார்: மீன் முன்னால் இருக்கிறது, குத்து பின்னால் விழுகிறது. வந்தது என்ன?

மருமகன்: ரோச். சின்னது.

மாமனார்: சின்னது என்றால் ஒரு அளவு வேண்டாமா? எங்கள் ஊரில் இதை அயிரைகூட மதிக்காது. இதையும் எடை போடுவார்களா?

மருமகன்: ஒரு அவுன்ஸ் வரும். ஒவ்வொரு அவுன்ஸும் கணக்குதான் மாமா. மூன்று மணிக்கு விசில் அடித்ததும் தராசு வரும்.

மாமனார்: அப்புறம் பங்கு பிரிப்பீர்களா?

மருமகன்: அப்புறம் தண்ணீரில் விட்டுவிடுவோம்.

மாமனார்: தோற்றவர்கள் மீனை மட்டுமா?

மருமகன்: எல்லார் மீனையும். இந்த முள்ளைப் பாருங்கள், எதிர்முள் கிடையாது. மீனுக்குக் காயம் ஆகாமல் கழன்றுவிடும். சங்கத்து விதி.

(நெடுநேரம் பேச்சில்லை. மாமனாரின் மஃப்ளர் காற்றில் பறந்து முகத்தை மூடுகிறது. அவர் அதை விலக்கவில்லை.)

மாமனார்: காலையில் கிளம்பும்போது புளி ஊறப்போடட்டுமா என்று அவளிடம் கேட்டேன். சிரித்தாள். இப்போதுதான் அந்தச் சிரிப்பு விளங்குகிறது.

மருமகன்: இது விளையாட்டு மாமா. அதற்கு அரசாங்க உரிமம் வேறு வாங்கியிருக்கிறேன். இங்கிலாந்தில் 13 வயது ஆகிவிட்டால் உரிமம் இல்லாமல் தூண்டில் போட முடியாது.

மாமனார்: பிடிக்காமல் இருப்பதற்கும் உரிமமா? மேலூர்ப் பக்கம் வந்து பாருங்கள். கோடையில் கண்மாய் வற்றினதும் ஒரு நாள் குறிப்போம். விடிவதற்கு முன்னாலேயே சுற்றுப்பட்டு ஊரெல்லாம் கரையில் நிற்கும். ஊர்ப் பெரியவர் துண்டை வீசினால் போதும், ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக அத்தனை பேரும் இறங்குவோம். ஊத்தாவைக் கவிழ்த்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டுச் சேற்றில் தடவினால் விரால் கையிலேயே துள்ளும். தக்கையும் இல்லை, காற்றும் இல்லை.

மருமகன்: எடை போடுவீர்களா?

மாமனார்: குழம்பு வைப்போம். எடை சட்டிக்குத் தெரியும்.

மருமகன்: இது வேறு மாமா. இது நுட்பம்.

மாமனார்: நுட்பம்தான். ஆனால் நீங்கள் ஓயாமல் காற்று, காற்று என்கிறீர்கள். எனக்கு இங்கே வந்து மூன்று வாரம் ஆகிறது. என் மகள் வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போகிறாள். ரயில் தாமதமாகிறது, மழை பெய்கிறது, பிள்ளைக்குச் சளி பிடிக்கிறது. ஒருநாள்கூட, காற்று சரியில்லை அதனால் இன்றைக்குச் சோறு இல்லை என்று அவள் சொல்லி நான் கேட்கவில்லை.

மருமகன்: ...

மாமனார்: தக்கையைப் பாருங்கள்.

மருமகன்: தெரியவில்லை மாமா.

மாமனார்: அது எனக்குத் தெரியும். நான் பெரியவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன்.

மருமகன்: வேண்டாம் மாமா, போட்டி நேரத்தில் பேசக் கூடாது. மாமா! மாமா!

(போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் ஒரு கோப்பைத் தேநீருடன் திரும்பி வருகிறார்.)

மருமகன்: என்ன கேட்டீர்கள்?

மாமனார்: ஏன் இவ்வளவு கிட்டத்தில் போடுகிறீர்கள் என்று கேட்டேன். இந்தக் காற்றில் எதற்காகத் தூரத்தில் போட வேண்டும் என்று அவர் என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தேநீர் கொடுத்தார்.

மருமகன்: இரை?

மாமனார்: டப்பாவில் வருகிற மக்காச்சோளம். அவர் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்து வந்ததாம். புழு எதற்கு, ஃபிரிட்ஜ் நாறும் என்றார். நல்ல மனிதர்.

(மூன்று மணி. விசில். முக்காலியில் தராசைத் தொங்கவிட்டுக் கரையைச் சுற்றி வருகிறார்கள். எட்டாம் எண்ணின் வலையைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. கெண்டைகள். முதுகில் தேன் நிறம், ஒவ்வொன்றும் கைக்குழந்தை மாதிரி அமைதியாகக் கிடந்தது. ஏழாம் எண்ணுக்கு ஒருவர் போதும்.)

மருமகன்: 41 பவுண்டு 6 அவுன்ஸ் மாமா. பெரியவருக்குத்தான் முதல் பரிசு. ஆளுக்குப் பத்துப் பவுண்டு போட்டோம், அதில் பாதி அவருக்கு.

மாமனார்: நமக்கு?

மருமகன்: ஒன்று. அப்புறம் இரண்டு அவுன்ஸ்.

மாமனார்: அந்த இரண்டில் ஒன்று என் முதுகில் வாங்கிய குத்து. மறக்காதீர்கள். எல்லாரும் கூடி நின்று என்ன பேசுகிறார்கள்?

மருமகன்: காற்றைப் பற்றித்தான். பார்த்தீர்களா, பதினாலு பேரும் காற்றினால்தான் போயிற்று என்கிறார்கள்.

மாமனார்: பெரியவர்?

மருமகன்: அவரும் அதையேதான் சொல்கிறார். காற்று இல்லாவிட்டால் இன்னும் பத்துப் பவுண்டு கூடப் பிடித்திருப்பாராம்.

(மாமனாரின் கைபேசி ஒலிக்கிறது.)

மாமனார்: சொல்லம்மா... முடிந்துவிட்டது... அதை ஏன் கேட்கிறாய், இங்கே பேய்க்காற்று. யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மாப்பிள்ளை பாவம், அவரும் என்ன செய்வார்... ஆமாம், தக்கையே தெரியவில்லை... அடியில் தண்ணீர் வேறு பக்கம் போகிறது அம்மா, உனக்குப் புரியாது... சரி... சரி, சொல்லிவிடுகிறேன்.

மருமகன்: ரொம்ப நன்றி மாமா. என்ன சொன்னாள்?

மாமனார்: அங்கேயும் நல்ல காற்றாம். கொடியில் போட்ட துணியெல்லாம் பதினொரு மணிக்கே காய்ந்துவிட்டதாம்.

மருமகன்: நல்லதுதானே.

மாமனார்: அள்ளிக் கூடையில் வைத்திருக்கிறாளாம். நீங்கள் வந்து மடித்து வைக்க வேண்டுமாம்.