கண்டறியாத ஏழாம் பாகம்

மூன்று இரவாக நித்திரை இல்லை. அதனால் இந்தப் பதிவில் மரியாதை கொஞ்சம் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் தான் பாவித்த பிளேஸ்டேஷன் 4 என்ற கேம் பெட்டியை ஊருக்கு வந்த ஒருவரிடம் எனக்குக் கொடுத்துவிட்டார். கூடவே உறை பிரிக்காத ஒரு கேம் டிஸ்க். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் விடாமல் விளையாடிவரும் ஒரு தொடரின் ஏழாம் பாகம். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதன் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், திருப்பிச் சண்டை பிடிக்க என்னிடம் டேட்டா மிச்சமில்லை.

அக்காவின் மகன் பக்கத்தில் சப்பாணி கட்டிக்கொண்டு இருக்க, உறையைப் பிரித்து, டிஸ்கைப் போட்டால், 90 ஜிபி டவுன்லோட் செய்யவேண்டுமாம். அப்படியென்றால் டிஸ்குக்குள் என்னதான் இருக்கிறது? சோத்துப்பார்சல் வாங்கிக்கொண்டு வந்து அவிழ்த்தால் உள்ளே "வயலுக்குப் போய் நெல் வெட்டவும்" என்று ஒரு துண்டு கிடந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

பரந்தனில் எங்கள் வீட்டு இன்டர்நெட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். ரவுட்டரை யன்னல் கம்பியில் கட்டி, வயல் பக்கம் டவரைப் பார்த்து முகத்தைத் திருப்பி வைத்தால்தான் இரண்டு கோடு வரும். பகல் டேட்டா கொஞ்சம்தான், பெரிய பங்கு நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு. ஆகவே 12க்கு அலாரம் வைத்து எழும்பித் தொடங்குவது, விடிய மறக்காமல் நிறுத்துவது, ஏதோ இறைப்புக்கு முறை வைத்து எழும்பிப் போகிற மாதிரி. மூன்றாம் இரவு 86 வீதம் வந்துவிட்டது. கார்த்திகை மழையோடு ஒரு காற்று அடித்தது, கரண்ட் போனது, திரும்பி வந்தபோது கோப்பு பழுதாகிவிட்டது, முதலிலிருந்து தொடங்கு என்கிறது. காலையில் மருமகன் வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"மாமா, இப்ப எத்தின வீதம்?"

"பூச்சியம்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

பிறகு பெட்டியை உரப்பைக்குள் சுற்றி, மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய், ஃபைபர் இணைப்பு உள்ள நண்பன் வீட்டில் கேமை டவுன்லோட் செய்து, நனையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால், தனியாள் விளையாடும் கதைக்குக்கூட இன்டர்நெட் வேண்டுமாம். நான் நான்தானா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டுமாம். சரி என்று டேட்டாவைப் போட்டு உள்ளே போனால் முதலில் வருவது கதையல்ல, கடை. துவக்குக்குத் தங்க நிறம், சப்பாத்துக்கு நெருப்பு. விலை டொலரில்.

ஒரு தொடர் எப்படி இருக்கவேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது கிளிநொச்சியில் ஒரு கொமினிகேசன் கடையில். 2010இல் மீள்குடியேறி வந்த காலம், வீட்டில் தறப்பாள், கையில் பாண் வாங்கிய மிச்சக் காசு. மணித்தியாலக் கணக்கில் வைஸ் சிட்டி, ஜிடிஏ என்ற தொடரில் ஒரு பாகம். அது 2002இல் வந்த கேம், எங்களுக்கு எட்டு வருசம் பிந்தித்தான் கிடைத்தது, அதனால் ஒரு குறையும் இல்லை. ஒரேயொரு விசர்தான். அதன் நாயகன் டொமி ஊரையே சுட்டு வெல்லுவான், கடற்கரையில் கால் தவறித் தண்ணீருக்குள் விழுந்தால் செத்துப்போவான். இரணைமடு வாய்க்காலில் தலைகீழாகப் பாய்ந்து வளரும் பெடியள் நாங்கள். எங்களுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பும் வரும், கடுப்பும் வரும். பிறகு ஒருநாள் யாரோ பென்டிரைவில் அடுத்த பாகமான சான் அன்ட்ரியாஸ் கொண்டுவந்தான், 2004இல் வந்தது. அதன் நாயகன் சிஜே பாலத்திலிருந்து விழுகிறான், நாங்கள் எல்லோரும் "போச்சு" என்று கத்துகிறோம், அவன் எழும்பி நீந்துகிறான்! அன்றைக்குப் போட்ட கூச்சலில் கடைக்கார அண்ணை எங்களை வெளியே கலைத்துவிட்டார்.

எனக்கு அவ்வளவுதான். தொடர் என்றால் அடுத்த பாகம், முந்தியதில் நாங்கள் பட்ட அந்தரத்தைக் கேட்டிருக்கவேண்டும். அசாசின்ஸ் கிரீட் என்ற தொடரிலும் இதே கதைதான். 2007இல் வந்த முதற் பாகத்தில் கூரைக்குக் கூரை பாயும் அல்டயிர் தண்ணீரில் விழுந்தால் முடிந்தான், 2009இல் வந்த இரண்டாம் பாகத்தில் எட்சியோ வெனிஸ் வாய்க்கால்களில் மீன் மாதிரித் திரிந்தான். இப்போது வருகிற பாகங்களில் நாயகனுக்கு நீச்சல் பழக்குவதில்லை, நீச்சல் உடுப்பு விற்கிறார்கள்.

சீட் கோட், அதுதான் கேமை ஏமாற்றத் தட்டும் ரகசியச் சொல், ஞாபகம் இருக்கிறதா? என் கணிதக் கொப்பியின் பின்பக்கம் முழுக்க அதுதான். சான் அன்ட்ரியாஸில் ஹெசோயாம் என்று தட்டினால் உயிரும் கவசமும் நிரம்பி இரண்டரை லட்சம் டொலரும் வரும், சும்மா. அதே சாமானைத்தான் இன்றைக்குக் கடையில் அடுக்கிவைத்துக் காசு கேட்கிறார்கள். இப்படிப் பேய்க்காட்டுவதற்குப் பாகத்துக்குப் பாகம் இலக்கம் வேறு.

பழையதைப் பிடுங்குவது அதைவிட மோசம். 2021இல் வைஸ் சிட்டி, சான் அன்ட்ரியாஸ், அவற்றுக்கு முந்திய ஜிடிஏ மூன்றாம் பாகம் என்று பழைய மூன்று கேம்களையும் புதுப்பித்து விற்கப்போகிறோம் என்று அசல்களை ஒன்லைன் கடைகளிலிருந்து எடுத்தார்கள். புதிதாக வந்ததில் மழை பெய்தால் வெள்ளைக் கோடுகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. கடைசியில் நிறுவனமே மன்னிப்புக் கேட்டு, கொம்பியூட்டருக்கான அசல்களைத் திரும்ப வைத்தது. 2014இல் வந்த த க்ரூ என்ற கார் கேமின் சேர்வரை 2024 மார்ச்சில் நிறுத்தினார்கள். அதோடு காசு கொடுத்து வாங்கியவர்களும் ஓட ஏலாமல் போனது, தனியாகக்கூட.

புது இலக்கம் போடாமலே நீண்ட காலம் வாழ்கிறதையும் பாருங்கள். கிரிக்கெட் 07, 2006இல் வந்தது, அந்த வரிசையில் அதுதான் கடைசி. உரிமம் இல்லாததால் இலங்கை அணியின் பெயர்கள் எல்லாம் கோணல்மாணல், ரசிகர்களே உட்கார்ந்து பெயரைத் திருத்தினார்கள், வருசா வருசம் சேட்டையும் மாற்றினார்கள், ஒரு சதம் வாங்காமல். ராஜ்யம் கட்டிப் படை நடத்தும் ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் கேமின் இரண்டாம் பாகம் 1999இல் வந்தது. 23 வருசம் கழித்து, 2022இல், அதே கேமின் புதுப்பித்த பதிப்புக்குள் திராவிடர் என்று ஒரு தரப்பைச் சேர்த்தார்கள். உருமி என்ற சுருள்வாள் சுழற்றும் வீரன், திரிசடை என்ற கப்பல், ராஜேந்திர சோழனுக்குத் தனிக் கதை, ஆட்கள் பேசுவதும் தமிழ். வேலைக்காரனைச் சொடுக்கியவுடன் கொம்பியூட்டருக்குள்ளிருந்து தமிழ் வந்தபோது நான் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறது என்று பார்த்தேன். மூன்றாம், நான்காம் பாகங்கள் வந்தபிறகும் இரண்டாம் பாகத்துக்கு இதைச் செய்திருக்கிறார்கள், யாரையும் வெளியே தள்ளவில்லை.

இவ்வளவு கத்திவிட்டு ஒன்றையும் ஒத்துக்கொள்கிறேன். மேலே சொன்ன எதற்கும் நாங்கள் அந்தக் காலத்தில் ஒழுங்காகக் காசு கொடுக்கவில்லை, எல்லாம் பென்டிரைவ்தான். முதன்முதலாகக் காசு கொடுத்து வாங்கிய ஒன்று வீட்டுக்கு வந்தது, அது இப்படி.

மருமகன் இப்போது என் பழைய மடிக்கணினியில் கிரிக்கெட் 07 விளையாடுகிறான். பற்றரி செத்த கணினி, கரண்ட் போனால் ஆட்டமும் போகும், வந்ததும் திரும்பத் தொடங்குவான், அது ஒரு நிமிட வேலை.

நேற்று இரவு அண்ணா வாட்ஸ்அப்பில் எடுத்தார்.

"என்னடா, கேம் எப்படி?"

தன் காசில் வாங்கி, ஆள் பிடித்துக் கொடுத்துவிட்ட மனிசனிடம் என்னத்தைச் சொல்ல? "நல்லா இருக்கு அண்ணா" என்றேன்.

"அப்ப சரி. எட்டாவது வந்த உடன அதையும் அனுப்பிவிடுறன்."