அவர்கள் டிரைவர்கள் இல்லை

அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று நாளாக எல்லாரும் அதைத்தான் பகிர்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் நடந்த சண்டையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசியவர், பாலைவனத்தில் எதிரிக்குப் பின்னால் போய் வேவு பார்த்த எல்.ஆர்.டி.ஜி. என்ற பிரிட்டிஷ் படைக்கு ஒதுக்கியது ஒரே வரி: "எஸ்.ஏ.எஸ். ஆட்களுக்கு வண்டி ஓட்டியவர்கள்." எஸ்.ஏ.எஸ். என்பது பிரிட்டனின் அதிரடிப் படை. காணொளிக்குக் கீழே போய் விளக்கமாக எழுதினேன். "சரி சார், டிரைவர்களுக்கும் ஒரு சல்யூட்" என்று பதில் வந்தது, கூடவே சிரிப்புப் பொம்மை. மனசு ஆறவில்லை.

அவர்கள் டிரைவர்கள் இல்லை. எஸ்.ஏ.எஸ். உருவாவதற்கு ஒரு வருடம் முன்பே, 1940இல், கெய்ரோவில் ரால்ஃப் பேக்னால்டு தொடங்கிய படை அது. போருக்குப் பல வருடம் முன்பிருந்தே ஃபோர்டு காரோடு லிபியப் பாலைவனத்தைச் சுற்றியவர் அவர். வண்டியின் இரும்பு காந்த ஊசியைக் குழப்புகிறதா? நிழலைப் பார்த்துத் திசை சொல்லும் சூரியத் திசைகாட்டி செய்தார். ரேடியேட்டரில் தண்ணீர் கொதித்து வீணாகிறதா? அந்த ஆவியை ஒரு டப்பாவில் பிடித்துத் திரும்ப ரேடியேட்டருக்கே அனுப்பினார். மணல் எப்படி நகர்கிறது என்று 1941இல் அவர் வெளியிட்ட புத்தகம் இன்றைக்கும் அறிவியல் நூல்.

சரி, எஸ்.ஏ.எஸ். ஆட்கள் எதிரி விமானங்களை அழிக்கவில்லையா என்று கேட்பீர்கள். அழித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் 1941 நவம்பரில் புயலில் பாராசூட்டில் குதித்த முதல் தாக்குதலில் பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை. மிஞ்சியவர்களைப் பாலைவனத்திலிருந்து மீட்டுக் கொண்டுவந்தது யார்? இதே "டிரைவர்கள்"தான்.

"வெள்ளைக்காரன் சண்டை, நமக்கென்ன" என்பவர்களுக்கு: 1942இல் இந்தியப் படைப்பிரிவு ஒன்றும் இவர்களோடு சேர்ந்தது. அவ்வளவுதான் சொல்வேன்.

எனக்குப் பெரிதாகத் தெரிவது சாலைக் காவல். 1942 மார்ச் முதல் ஜூலை வரை, ஜெர்மன், இத்தாலியப் படைகளின் பின்புறத்தில், லிபியக் கடலோர நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் எல்.ஆர்.டி.ஜி. ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். விடிவதற்குள் இரண்டு பேர் சாலையிலிருந்து சில நூறு கெஜத்தில் ஒரு புதருக்குக் கீழே போய்விட வேண்டும். இருட்டும் வரை எழுந்து நிற்க முடியாது. பைனாகுலர், நோட்டு, பென்சில். எத்தனை டாங்கி, எத்தனை லாரி, எந்தப் பக்கம் போகிறது என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். இரவில் இன்னும் நெருங்கி, சத்தத்தை வைத்து எண்ண வேண்டும். கணக்கு வயர்லெஸ்ஸில் கெய்ரோ போகும். சுடாமல் படுத்துக் கிடப்பதுதான் அங்கே வீரம். ஒரு தோட்டா போதும், அத்தனை மாத உழைப்பும் போச்சு.

என் அப்பா 1971இல் ராஜஸ்தான் எல்லையில் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவர். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உறவினர் ஒருவர், "பட்டாளத்துல எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா?" என்று கேட்டார். "நான் வயர்லெஸ் பார்த்தேன் மாப்ளே." "அப்போ டெலிபோன் வேலைன்னு சொல்லுங்க!" பந்தியே சிரித்தது. அப்பா பாயசத்தைத் தொடாமல் இலையை மூடினார். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்து இலையில் நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை.

காணொளிக்குக் கீழே "டிரைவர்களுக்கும் ஒரு சல்யூட்" என்று பதில் வந்தபோது எனக்குக் கேட்டது அந்தப் பந்திச் சிரிப்புதான். இது சம்பந்தமில்லாத கதை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

நேற்று இரவு சாப்பிடும்போது, "போன்ல என்னப்பா, சண்டைப் படமா?" என்று அப்பா எட்டிப் பார்த்தார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.