காரிப்புலேவும் சிவப்பு மையும்

இரண்டு வாரமாக மொரீஷியஸில், ரோஸ்ஹில் ஊரில் உள்ள என் வீட்டில் பழைய கேசட்டுகளோடு உட்கார்ந்திருக்கிறேன். மகள் வாங்கி வந்த சின்னக் கருவி ஒன்று அவற்றைக் கணினிக்கு மாற்றித் தருகிறது. மூன்று கேசட், பதினொரு பாட்டு. எல்லாம் நானே எழுதி மெட்டமைத்தவை, ஒன்றுகூட வெளிவரவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம், "மொரீஷியஸில் தமிழ்ப் பாட்டை யார் கேட்பார்கள்?" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். அது பாதி உண்மைதான். பெரும்பாலான வீடுகளில் பேச்சு, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. தமிழ் பள்ளிப் பாடத்திலும் கோயில் பாட்டிலும்தான் நிற்கிறது. மீதிப் பாதியை இப்போதுதான் காதால் கேட்டேன்.

மோசமான பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். 1998இல் இங்கே வந்த புதிய ரூபாய் நோட்டுகளில், வழக்கத்தை மாற்றி, தமிழுக்கு மேலே இந்தியை அச்சிட்டிருந்தார்கள். தமிழர்கள் கொதித்தார்கள், நானும் ஒரே இரவில் ஆறு சரணம் எழுதித் தள்ளினேன். பிறகு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே அச்சிட்டார்கள். பாட்டுக்கு வேலை போயிற்று. இன்று கேட்டால் மேடைப் பேச்சுக்கு மெட்டுப் போட்டது போல இருக்கிறது. அது பெட்டியிலேயே கிடக்கட்டும்.

என்னை உட்கார வைத்தது சமையல் பாட்டு. 1994 பிப்ரவரியில் ஹொலாண்டா புயல் அடித்து மின்சாரம் போன நாட்களில், பேட்டரி டேப் ரெக்கார்டரில் பதிவு செய்தது. பக்கத்து வீட்டுக்காரர் ரவான் வாசித்தார். ஆட்டுத்தோல் போர்த்திய அந்த வட்டப் பறையைத் தீயில் காட்டிச் சூடேற்றிவிட்டுத்தான் கையில் எடுப்பார்கள். தமிழ்நாட்டில் பறையையும் அப்படித்தான் காய்ச்சுகிறார்கள் என்பது எனக்கு அன்று தெரியாது. கும்மியின் மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ர நடையும், இந்தத் தீவின் நாட்டுப்புற இசையான சேகாவின் தாளமும் சொல்லிவைத்தது போலப் பொருந்தின. பேட்டரி தளரத் தளர நாடா மெதுவாக ஓடியிருக்கிறது போலும். இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால், கடைசிச் சரணத்தில் என் குரல் பத்து வயதுப் பையனின் குரலாகிவிடுகிறது!

அம்மா வாயில் புழங்கிய சொற்களையே அதில் வைத்திருந்தேன். காரிப்புலே, மூரூம், ராசோன். கறிவேப்பிலை, முருங்கை, ரசம்தான். கப்பலேறி வந்தவர்களிடமிருந்து கிரியோலுக்குள் புகுந்து, தமிழே தெரியாதவர்களும் இன்று சந்தையில் கேட்டு வாங்கும் சொற்கள் அவை.

இரண்டு ஆண்டு கழித்து, தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த தமிழறிஞர் ஒருவரிடம் படியைக் கொடுத்தேன். சிவப்பு மையோடு திரும்பி வந்தது. ழகரத்தையும் ளகரத்தையும் நான் குழப்பியிருந்த இடங்களில் அவர் திருத்தியது முழுக்கச் சரி. பிழையெல்லாம் அழகு என்று வாதாட நான் வரவில்லை. ஆனால் காரிப்புலேவும் மூரூமும்கூடப் பிழைப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. நானும் தலையாட்டினேன். ஸ்டுடியோவில் கீபோர்டு வைத்துத் திருத்திய பாட்டைப் பதிவு செய்தேன். போன வாரம்தான் அதைக் கேட்டேன். காரிப்புலே உட்கார்ந்திருந்த இடத்தில் கறிவேப்பிலையை அடைக்கும்போதெல்லாம் தாளம் இடறுகிறது. பாடுகிறவன் பரீட்சை எழுதுகிறான். கேட்க ஆளில்லை என்பதற்காக நான் அதைப் பூட்டி வைக்கவில்லை. எனக்கே அதைக் கேட்கப் பிடிக்கவில்லை.

சென்னையில் ஒருவர் "கருவேப்பிலை" என்றால் அது பேச்சு வழக்கு. என் அம்மா "காரிப்புலே" என்றால் அது சிதைவு. யார் போட்ட கணக்கு இது? அந்தக் கணக்கை அந்த அறிஞரைவிட நான்தான் அதிகம் நம்பினேன் என்பதே என் கோபம். இங்கே தமிழ் எழுதுகிற இளையவர்களிடமும் அந்தக் கூச்சத்தைப் பார்க்கிறேன். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள். வீட்டுச் சொல்லை மட்டும் யார் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள்.

1994 பதிவை அப்படியே இணையத்தில் ஏற்றப் போகிறேன். வேகத்தைக்கூடச் சரிசெய்யவில்லை. பாட்டு முடிந்து ரவானும் நின்ற பிறகு, சமையலறைப் பக்கமிருந்து அம்மா கிரியோலில் கேட்பது நாடாவில் விழுந்திருக்கிறது: "எ பிப்பங்காய்?" பீர்க்கங்காயை நான் பாட்டில் சேர்க்காமல் விட்டுவிட்டேனாம். அந்த இரண்டு சொல்லை வெட்டிவிடலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.