மங்கில் இறங்கிய பாலும் மறைக்கல்வி வகுப்பில் வந்த கேள்வியும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்து, கோயிலுக்குப் பின்புறமுள்ள தகரக் கொட்டகையில் உறுதிப்பூசுதல் என்னும் அருள்சாதனத்துக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பதினைந்து வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்து, "கடவுள் இருக்கிறார் என்று நமக்கு எப்படித் தெரியும், டீச்சர்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "அப்படியெல்லாம் கேட்கக் கூடாதும்மா, பாவம். நம்பணும், அவ்வளவுதான்" என்றார். பிள்ளை தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெரியவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மலேசியாவின் இந்தத் தோட்டப் பட்டணத்தில் நம் சிற்றாலயம் இன்னும் திறந்திருப்பதற்கு அவரைப் போன்றவர்களே காரணம். ஆனால் அவர் சொன்னது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை அன்று. அதைப் பொதுவில் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியதால்தான் இந்த நீண்ட பதிவு.

கேட்காமல் நம்பு என்று திருச்சபை ஒருபோதும் கற்பிக்கவில்லை. அனைத்துக்கும் தொடக்கமும் முடிவுமான கடவுளை, படைக்கப்பட்டவற்றிலிருந்து மனித அறிவின் இயல்பான ஒளியைக் கொண்டு உறுதியாக அறிய முடியும் என்று திருச்சபை ஆயர்களின் பேரவையான முதல் வத்திக்கான் சங்கம் 1870-இல் அறுதியிட்டுக் கூறியது. அதை மறுப்பவரைக் கண்டித்தும் எழுதியது. அதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே புனித தாமஸ் அக்குவினாஸ் "கடவுள் இருக்கிறாரா?" என்பதையே தலைப்பாக வைத்து, கடவுள் உண்டு என்று காட்டும் தம் ஐந்து வழிகளைச் சொல்வதற்கு முன்னால், கடவுள் இல்லை என்பவரின் வாதங்கள் இரண்டை முதலில் எழுதிவைத்தார். ஒன்று, உலகில் தீமை இருக்கிறதே என்பது. மற்றொன்று, இயற்கையும் மனித மனமுமே எல்லாவற்றையும் விளக்கப் போதுமே என்பது. நம் பிள்ளை கேட்டதையே திருச்சபையின் மறைவல்லுநர் ஒருவர் எழுத்தில் கேட்டிருக்கும்போது, அதைப் பாவம் என்று சொல்ல நாம் யார்?

என் பாட்டி பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர். இன்று அங்கே ஒரு ரப்பர் மரம்கூட இல்லை, எல்லாம் செம்பனை. பள்ளி விடுமுறையில் அவரோடு நானும் தீம்பாருக்கு, அதாவது மரம் வெட்டும் காட்டுக்கு, போவேன். விடியுமுன் இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் மளமளவென்று மரத்துக்கு மரம் போய்விடுவார், நான் பின்தங்கிவிடுவேன். நான் ஒரு மரத்தடிக்கு வந்து சேரும்போது, சாய்வாக விழுந்த புதுவெட்டில் பால் முத்து முத்தாய் அரும்பி, கோட்டு வழியே இறங்கி, கீழே செருகிய தகரத்தில் வழிந்து மங்கு என்னும் பால் கிண்ணத்தில் சொட்டிக்கொண்டிருக்கும். காலடியில் கிடக்கும் பட்டைச் சீவலை எடுத்துப் பார்த்தால் ஈரம் காய்ந்திருக்காது. யாரோ இப்போதுதான் இங்கே நின்றிருக்கிறார் என்று குழந்தைக்கும் விளங்கும். ஆனால் வெட்டியது பாட்டியா, பக்கத்து மரவரிசையை வெட்டும் நிரைக்காரரா என்று மரம் சொல்லாது. இருட்டுக்குள்ளிருந்து, "ஏ புள்ள, பயப்படாத, நான் இங்கதான் நிக்கிறேன்" என்று பாட்டியின் குரல் வந்தால்தான் எனக்கு உயிர் வரும்.

அறிவுக்கும், கடவுள் தம்மைத் தாமே தெரிவிக்கும் இறைவெளிப்பாட்டுக்கும் உள்ள உறவை நான் அந்த இருட்டில்தான் முதலில் கற்றேன் என்று இப்போது நினைக்கிறேன். வெட்டைப் பார்த்து ஆள் உண்டு என்று அறிவது அறிவின் வேலை. ஆள் யார், அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்பதை அவரே வாய்திறந்து சொன்னால்தான் உண்டு.

இந்த உவமைக்கு ஓர் எல்லை இருக்கிறது. வெட்டியவர் போய்விட்டாலும் பால் வடியும். கடவுளுக்கும் உலகுக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டதன்று. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் பொதுக்குழாயை நினைத்துப்பாருங்கள். குழாயோடு குழாயாக எத்தனை மைல் நீட்டினாலும், எந்தக் குழாயும் தானாகத் தண்ணீரை உண்டாக்குவதில்லை. எங்கோ ஒரு நீர்நிலை இந்த நொடியிலும் கொடுத்துக்கொண்டிருந்தால்தான் வாளி நிறையும். தானாக இருக்க முடியாத பொருள்கள் இப்போது இருக்கின்றன என்றால், இருப்பைத் தன்னிடமே உடைய ஒருவர் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பதே அக்குவினாஸ் காட்டும் போக்கு. உலகத்துக்குக் காலத்தில் ஒரு தொடக்கம் உண்டு என்பதை வெறும் அறிவால் நிறுவ முடியாது, விசுவாசத்தால்தான் அறிகிறோம் என்றும் அவரே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். ஆகவே பெருவெடிப்பை எடுத்துக்காட்டி, "பார்த்தாயா, கடவுள் நிரூபணமாகிவிட்டார்" என்று நம்மவர் மேடையில் முழங்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்தக் கருத்துக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. 1951-இல் திருத்தந்தை 12ஆம் பயஸ் தம் உரையில் அறிவியலையும் படைப்பையும் நெருக்கமாக இணைத்துப் பேசியபோது, அந்த இணைப்பை விரும்பாதவர் அந்தக் குருவேதான்.

இனி, குரலுக்கு வருகிறேன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், கடவுள் தம் அன்பின் மிகுதியால் மனிதரோடு நண்பரோடு பேசுவதுபோல் உரையாடுகிறார் என்றும், அந்த வெளிப்பாடு செயல்களாலும் சொற்களாலும் பின்னிப் பிணைந்து நிகழ்கிறது என்றும் சொல்கிறது. ஆபிரகாமை அழைத்தது, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மக்களை வெளியே கொண்டுவந்தது, இறைவாக்கினர்களை அனுப்பியது எல்லாம் அந்தக் குரலே. இறுதியாகத் தம் மகனிலேயே பேசிவிட்டார் என்று எபிரேயர் திருமுகம் தொடங்குகிறது. விவிலியமும் திருமரபும் அந்தக் குரலை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கின்றன. குரலுக்கு உரியவரோ கிறிஸ்து. அவரில் வெளிப்பாடு நிறைவடைந்துவிட்டதால், அவருடைய மாட்சிமிகு வருகைக்கு முன் புதிதாக வேறொரு பொது வெளிப்பாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்றும் அதே ஏடு கூறுகிறது. லூர்து போன்ற, திருச்சபை ஏற்றுக்கொண்ட மாதா காட்சிகள்கூட விசுவாசக் கருவூலத்தின், அதாவது எல்லோரும் நம்ப வேண்டிய போதனையின், பகுதி அல்ல. அப்படியிருக்க, வாட்ஸ்அப்பில் இரவு பதினொரு மணிக்கு வரும் "மாதாவின் அவசரச் செய்தி"யைப் பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீமை நேரும் என்று நம் தாய்மார் அஞ்சுவதைப் பார்க்க மனம் வலிக்கிறது.

இங்கே பிறந்து வளர்ந்த நாம் எல்லோரும் பள்ளிச் சபைகூடலில் வரிசையாக நின்று மலேசியாவின் தேசியக் கோட்பாடான ருக்குன் நெகாராவைச் சொன்னவர்கள். 1970-இல் அறிவிக்கப்பட்ட அந்தக் கோட்பாட்டில் முதலாவது, இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். மாரியம்மன் கோயில் பிள்ளையும் பள்ளிவாசல் பிள்ளையும் நானும் ஒரே குரலில் சொன்னோம், அது நல்லதே. ஆனால் இறைவன் உண்டு என்று ஒப்புக்கொள்வது வேறு, அவர் பேசும்போது எழுந்து அவரிடம் போவது வேறு. கடவுள் ஒருவர் என்று பேய்களும் நம்பி நடுங்குகின்றன என்று யாக்கோபு திருமுகம் சொல்லவில்லையா? நம் பழைய செபங்களில் "விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்" என்று மூன்றாக இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள். 1995-இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு விசுவாசத்தை 'நம்பிக்கை' ஆக்கி, பழைய நம்பிக்கையை 'எதிர்நோக்கு' ஆக்கியது. நல்ல தமிழ்தான். இருந்தாலும் விசுவாசம் என்ற சொல்லில் ஆளை நம்பி ஆளிடம் தன்னை ஒப்படைக்கும் ஒரு சூடு இருந்தது. அதை இழந்துவிட்டோமோ என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

பெரியவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. விசுவாசம் கடவுளின் கொடை. தருக்கத்தால் ஒருவரை அதற்குள் தள்ள முடியாது. அக்குவினாஸே சொல்கிறார்: அறிவின் வழியை மட்டும் நம்பியிருந்தால் மிகச் சிலரே, நெடுங்காலம் கழித்து, பல பிழைகளோடு கலந்துதான் கடவுளை அறிந்திருப்பார்கள், அதனால்தான் அறிவால் எட்டக்கூடியவற்றையும் கடவுள் தாமே வெளிப்படுத்த வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாமல், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கிளம்பிய என் பாட்டிக்காகத்தான் அந்த வரி எழுதப்பட்டதோ என்று வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் அந்தப் பிள்ளை தயங்கி நின்றாள். சென்ற ஆண்டு அவள் அப்பா சாலை விபத்தில் இறந்துபோனார். "கடவுள் இருந்தால் ஏன் டீச்சர் இப்படி?" என்றாள். அக்குவினாஸ் எழுதிவைத்த முதல் ஆட்சேபம் அதுதான். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புனிதர் அதையே முதல் கேள்வியாக எழுதியிருக்கிறார் என்று அவளிடம் சொன்னேன், நிமிர்ந்து பார்த்தாள். வரும் ஞாயிறு வகுப்பை அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன். பெரியவரையும் வந்து எங்களோடு உட்காரும்படி கேட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லியிருக்கிறார்.