பைலட் தூங்கட்டும், விடுங்கள்

2025 டிசம்பர் முதல் வாரம் இண்டிகோ விமானங்கள் நூற்றுக்கணக்கில் ரத்தானபோது டெல்லியிலும் பெங்களூருவிலும் சென்னையிலும் பயணிகள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தோம். 5ஆம் தேதி ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் ரத்து. கோபம் நியாயமானது. ஆனால் அதே வாரத்தில், பைலட்டுகளுக்குக் கூடுதல் ஓய்வு தரச் சொன்ன புதிய விதியால்தான் இத்தனை கூத்தும் என்று ஒரு பேச்சு வாட்ஸ்அப் குழுக்களில் கிளம்பியதே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த விதி திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ அதை வெளியிட்டது 2024 ஜனவரியில். அமலாகியிருக்க வேண்டியது அந்த ஆண்டு ஜூனில். விமான நிறுவனங்கள் முரண்டு பிடித்ததில் தள்ளிப்போனது. விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையில் ஒரு பகுதியும் நவம்பர் 1 முதல் மீதியும் என்று முடிவானது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம்!

விதி கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக வேண்டும், அதில் இரண்டு முழு இரவுகள் அடங்க வேண்டும். இரவைத் தொடும் பணியில் ஆறு முறை வரை தரையிறக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைய வேண்டும். நள்ளிரவு முதல் 5 மணி வரை என்றிருந்த இரவு, இனி 6 மணி வரை நீள வேண்டும்.

இந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் சூட்சுமமே இருக்கிறது. காலை 6.15 விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேப்டன் ஒரு மணி நேரம் முன்பாவது பணிக்கு வந்தாக வேண்டும். நகர எல்லையில் வீடு என்றால் 4 மணிக்குக் கார் வாசலில் நிற்கும், 3 மணிக்கு அலாரம் அடிக்கும். பழைய கணக்கில் இது பகல் பணி. சென்னையிலிருந்து கோவை போய்த் திரும்பி, அப்படியே மதுரைக்கும் ஒரு நடை போய்வரச் சொல்லலாம். புதிய கணக்கில் இது இரவுப் பணி. கோவை போய்த் திரும்பினால் அன்றைய வேலை முடிந்தது. மதுரைக்கு வேறு கேப்டனும் வேறு கோ-பைலட்டும் வேண்டும். ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது பணி என்ற பட்டியல், போடுகிறவர்களுக்கு இது முதல் நாளே தெரிந்திருக்கும். வேண்டியது ஆள், இல்லையென்றால் விமானங்களைக் குறைக்க வேண்டும்.

நடந்தது நேர்மாறு. அந்தக் குளிர்கால அட்டவணையில் வாரத்துக்கு 15,014 புறப்பாடுகளுக்கு இண்டிகோ அனுமதி வாங்கியது. முந்தைய குளிர்காலத்தைவிட 9.66 சதவீதம் அதிகம். அனுமதி கொடுத்ததும் அதே டிஜிசிஏதான். தேவைப்பட்ட கேப்டன்கள் 2,422 பேர், இருந்தவர்கள் 2,357 பேர். வெறும் 65 பேர் குறைவதற்கா இந்த அமளி என்று தோன்றும். மாற்று ஆளே இல்லாத அளவுக்கு ரோஸ்டரை இழுத்துக் கட்டினால், ஓர் ஊரில் பனிமூட்டத்தால் தாமதமாகும் விமானம் இன்னும் நான்கு ஊர்களின் பைலட்டுகளைப் பணி நேர வரம்புக்கு வெளியே தள்ளிவிடும். அதே விதியை வைத்துக்கொண்டு மற்ற நிறுவனங்கள் அந்த வாரமும் பறந்துகொண்டுதான் இருந்தன.

மாதம் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறார்களே, கொஞ்சம் கூடுதலாக ஓட்டினால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு மங்களூரு நினைவிருக்கிறதா? 2010 மே 22 அதிகாலை, துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள். விமானி அறைக் குரல் பதிவில் முதல் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குப் பக்கமாகப் பேச்சே இல்லை. கேப்டனின் குறட்டைதான் கேட்டது. விழித்தபின்னும் தூக்கக் கலக்கம் தெளியாத மூளையோடு அவர் எடுத்த முடிவுகளை விசாரணை அறிக்கை விவரிக்கிறது. கோ-பைலட் திரும்ப மேலே ஏறச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. சம்பளம் அதிகம் என்பதற்காக அதிகாலை 3 மணிக்கு யாருக்கும் இமை கனக்காமல் இருக்காது.

இவ்வளவு தெரிந்தும் டிசம்பர் 5ஆம் தேதி அரசு செய்தது என்ன? வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்கில் காட்டக் கூடாது என்ற உத்தரவை எல்லா நிறுவனங்களுக்கும் திரும்பப் பெற்றது. மகளின் பள்ளி விழாவுக்காக ஒரு பைலட் எடுக்கும் விடுப்பை, அந்த வாரத்து ஓய்வு அதுதான் என்று எழுதிக்கொள்ள மறுபடியும் வழி திறந்தது. இரவுப் பணி வரம்புகளிலிருந்து இண்டிகோவுக்கு மட்டும் 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு. உள்நாட்டுப் பயணிகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தால் வேறென்ன நடக்கும்? மிரட்டத் தேவையில்லை, நின்றுபோனாலே போதும்.

பிறகு ஜனவரியில் 22.20 கோடி ரூபாய் அபராதம் போட்டார்கள். அந்த நிறுவனத்துக்கு அது சில்லறை.

பைலட்டுகளின் சோர்வு குறித்து நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஜிசிஏவுக்கு அறிக்கை தர வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. எந்த நிறுவனம் எத்தனை சதவீதம் நேரத்துக்குப் புறப்பட்டது என்று மாதாமாதம் பட்டியல் போடுகிறார்களே, அதற்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு நிறுவனத்திலும் எத்தனை பைலட்டுகள் சோர்வைப் புகார் செய்தார்கள், எத்தனை புகார்கள் ஏற்கப்பட்டன என்பதையும் போடட்டும். எனக்கு 6.15 விமானம் வேண்டுமா, 9 மணி விமானம் வேண்டுமா என்பதை அதைப் பார்த்து நான் முடிவு செய்துகொள்கிறேன்.