மலையில் ஒரு ராத்திரி படுத்து எழுந்து வாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை பேராக், சுங்கை சிப்புட் டவுனில் பசியாறிக்கொண்டிருந்தேன். தெரிந்த தம்பி ஒருவன் வந்து எதிரில் உட்கார்ந்தான். "அண்ணே, கோர்பு மலைய ஒரே நாள்ல ஏறி இறங்கப் போறோம். விடியக்காலை ரெண்டு மணிக்குக் கிளம்புனா ராத்திரிக்குள்ள கீழ வந்துடலாம்தானே?" என்றான். கால் பலம் இருந்தால் வந்துவிடலாம். ஆனாலும் வேண்டாம் என்றேன். ஏன் என்பதை ரொட்டி சானாய் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கோர்பு 2183 மீட்டர். தீபகற்ப மலேசியாவில் தஹான் மலைக்கு அடுத்த உயரம், அதைவிட 4 மீட்டர்தான் குறைவு. 7000 அடிக்கு மேற்பட்ட ஏழு மலைகளையும் முடிக்க வேண்டும் என்ற ஆசை நம் பிள்ளைகளுக்கு இப்போது வந்திருப்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். தோட்டத்துப் பிள்ளைகள் காட்டுக்குப் போவது சின்ன விஷயம் இல்லை. 1948 ஜூன் 16 அன்று நம் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில்தான் துரைமார் மூவர் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களால் சுடப்பட்டார்கள். அதன் பிறகு 1960 வரை அவசரகாலம். காட்டிலிருந்த அவர்களுக்குச் சாப்பாடு போகக்கூடாதென்று தொழிலாளர் லயத்தைச் சுற்றி முள்கம்பி, வேலிக்கு வெளியே அரிசி கொண்டுபோனால் குற்றம். "காட்டுப் பக்கம் போகாதே" என்று பாட்டி சாகும்வரை சொன்னது பேய்க்குப் பயந்து இல்லை. அந்தப் பயத்தைத் தாண்டி, முதுகில் அரிசி மூட்டையோடு நாம் இன்று காட்டுக்குள் போகிறோம். அப்படிப் போகிறவர்கள் ஏன் இப்படி ஓட வேண்டும்?

நானும் ஓடியவன்தான். சில வருடங்களுக்கு முன் வேறொரு மலைக்கு ஒரே நாள் பயணமாகப் பதினொரு பேர் போனோம். ஏற்பாடு செய்தவர் "சுமை வேண்டாம், வேகம்தான் முக்கியம்" என்றார். ஆளுக்கு ஒரு மழைச்சட்டை, தண்ணீர், கொஞ்சம் ரொட்டி, அவ்வளவுதான். மூன்று மணிக்கு மழை பிடித்தது. இறங்கி ஆற்றுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. காலையில் முழங்கால் அளவு இருந்த தண்ணீர் இடுப்புக்கு மேலே, செம்மண் நிறத்தில் ஓடியது. மலிம், அதாவது எங்கள் மலை வழிகாட்டி, கையை விரித்து எங்களை நிறுத்தினார். அன்று ராத்திரி முழுக்கக் கரையில்தான். எங்களோடு வந்த தங்கை ஒருத்திக்கு முதலில் நடுக்கம். அப்புறம் நடுக்கம் நின்று பேச்சு குழற ஆரம்பித்தது. நடுக்கம் நின்றதும் நல்லதாயிற்று என்று நாங்கள் நினைத்தோம். அதுதான் ஆபத்தான கட்டம் என்று மலிமுக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் இருந்த ஒரே பிளைஷீட்டை (கூரையாகக் கட்டும் மழைத் துணி) கட்டி, அவருடைய காய்ந்த சட்டையை அவளுக்குப் போட்டு, நடுவில் உட்காரவைத்துச் சுற்றி அணைத்துக்கொண்டோம். விடிந்து தண்ணீர் வடிந்ததும் கடந்தோம். அந்தத் தங்கை இன்று நன்றாக இருக்கிறாள்.

மலேசியாவில் குளிரா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 100 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 டிகிரி குறையும். டவுனில் ராத்திரி 24 டிகிரி என்றால் கோர்பு உச்சியில் 11, 12தான். நாங்கள் மாட்டிக்கொண்டது உச்சியில்கூட இல்லை. நனைந்த துணியும் காற்றும் போதும்.

ஆற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் ஆற்றங்கரை மணலைப் பார்த்தாலே அங்கேயே கூடாரம் போடுகிறார்கள். மலாயில் 'கெபாலா ஆயிர்' என்பார்கள். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே, மேல்மலையில் பெய்த மழை ஒரே மொத்தமாக இறங்கிவரும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் கும்பலாக மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ சட்டிபானையைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். நம் மேற்குக் கரைப் பக்கம் ஏப்ரலும் அக்டோபரும் மழை கொட்டும் மாதங்கள்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியலில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகும்போதே வானத்தைப் பார்ப்பார். பட்டை ஈரமாக இருந்தால் உளியை எடுக்கமாட்டார். வெட்டினால் பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். மரம் காயட்டும் என்று காத்திருப்பார். ஒருநாள் கூலி போகும் என்று தெரிந்தும் காத்திருந்த மனிதர் அவர். நமக்குப் போவது ஒரு நாள் லீவு மட்டும்தானே?

அதனால்தான் சொல்கிறேன், மூன்று பகல் இரண்டு ராத்திரி எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு முன்னால் நடையை நிறுத்தி, மேட்டில் பிளைஷீட் கட்டி, சோறு வடித்து, நெத்திலி பொரித்துச் சாப்பிட்டுப் படுங்கள். 1500 மீட்டரைத் தாண்டினால் காடே மாறிவிடுகிறது. மரங்கள் குட்டையாகி, வேர் முதல் கிளை வரை பாசி போர்த்தி நிற்கின்றன. பாதையோரம் கெண்டிச் செடிகள் தொங்குகின்றன. காலையில் பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து சியாமாங் குரங்குகள் கூவும் சத்தம் நெஞ்சுக்குள் வந்து அதிரும். இரண்டு மணிக்குத் தலைவிளக்கோடு ஓடியபோது இதில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. பார்க்காததை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

வனத்துறை அனுமதி இல்லாமல், மலிம் இல்லாமல் போகவே போகாதீர்கள். ஆற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், எலிக்காய்ச்சல் அதிலிருந்தும் வரலாம். லாசா, குவாலா மூ பக்கம் போனால் அங்கிருக்கும் தெமியார் பூர்வகுடி மக்களின் பிள்ளைகளைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். அது அவர்களுடைய வீட்டு வாசல். கொண்டுபோன சார்டின் டப்பா உங்களோடு கீழே வரட்டும்.

காலணிக்கு நூற்றுக்கணக்கான வெள்ளி செலவழிக்கவும் தேவையில்லை. 'அடிடாஸ் கம்போங்' என்று எல்லாரும் கூப்பிடுகிற ரப்பர் காலணிதான் சேற்றுக்கு நல்லது. அப்பா பால்வெட்டப் போட்டுக்கொண்டு போனதும் அதே ஜாதிக் காலணிதான். இன்று மலிம்கள் பலர் காலிலும் அதைத்தான் பார்க்கிறேன்.

அந்தத் தம்பியிடம் பேசி முடித்துவிட்டேன். அவன் கூட்டாளிகளும் சேர்த்து ஆறு பேர், பள்ளி விடுமுறையில், மூன்று நாள். அனுமதிக்கு நானே எழுதுகிறேன். ராத்திரிக்கு என்று ஒரு செட் உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, என்ன மழை பெய்தாலும் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது.