பிராக் நகரத்துக் கிணறு

1630 செப்டம்பரில் பிராக் நகரத்தின் பெரிய லேவாதேவிக்காரர் ஹான்ஸ் டி விட்டே, தன் வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து உயிரை விட்டார். 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவின் நடுவே நடந்த முப்பதாண்டுப் போர் என்று யார் பேச்செடுத்தாலும் எனக்கு அந்தக் கிணறுதான் ஞாபகம் வருகிறது.

கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் மோதிய மதப் போர் என்றே அதைப் பலரும் சொல்கிறார்கள். சரி, மதமும் இருந்தது. ஆனால் டி விட்டே, புராட்டஸ்டன்டுகளில் ஒரு பிரிவான கால்வின் சபைக்காரர். அவர் கடன் புரட்டிக் கொடுத்ததோ ஜெர்மன் நாடுகளுக்கெல்லாம் மேலே இருந்த கத்தோலிக்கப் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டின் படைக்கு!

பேரரசரிடம் காசில்லை. 1625ல் பொஹீமியா (பிராக் இருக்கும் நாடு, இன்றைய செக் நாட்டின் பகுதி) நாட்டுப் பிரபு வாலன்ஸ்டைன், தன் செலவிலேயே படை திரட்டித் தருவதாக முன்வந்தார். அவருக்கு ஏது அவ்வளவு பணம்? 1622ல் நாணயம் அடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்து, வெள்ளியைக் குறைத்து நாணயம் அடித்த கூட்டத்தில் அவருக்கும் டி விட்டேவுக்கும் பங்கு. பேரரசரை எதிர்த்துக் கலகம் செய்து தோற்ற பொஹீமியப் பிரபுக்களின் பறிமுதல் நிலங்களை, வாலன்ஸ்டைன் அந்த மட்ட நாணயத்தைக் கொடுத்து அடிமாட்டு விலைக்கு வளைத்துப் போட்டார். ஃப்ரீட்லாந்து என்ற அந்தச் சீமையே பிறகு படைக்குச் சரக்கு அனுப்பும் கிடங்கானது. ரொட்டி, பீர், துணி, வெடிமருந்து எல்லாம் அங்கிருந்து போயின. சிப்பாய்களுக்கு 10,000 ஜோடிக் காலணி தைக்கச் சொன்னவர், ஜோடி மாறாமல் சேர்த்துக் கட்டி அனுப்பவும் சொன்னார். தளபதியும் அவரே, சரக்கு விற்பவரும் அவரே.

கீழே கர்னல்களும் அப்படித்தான். கைக்காசு போட்டு ஆள் சேர்த்தார்கள். போட்டதை எடுக்க, செத்தவன் பெயரைப் பட்டியலில் விட்டுவைத்து அவன் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டவர்கள் உண்டு.

கூலிப்படைக்காரன் குணங்கெட்டவன், அதனால்தான் ஊரைச் சூறையாடினான் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை அடைக்க ஊர் ஊராகத் தண்டம் விதித்தார்கள். கொடுக்காத ஊருக்குத் தீ. படை பெருத்தால் செலவு பெருக்கும், அந்தச் செலவுக்கு இன்னும் நாலு ஊர் வேண்டும். படையைக் கலைத்தாலோ மொத்தக் கடனும் வாசலில் வந்து நிற்கும். சமாதானம் வந்தால் நஷ்டப்படும் ஆட்கள் கையில் போரைக் கொடுத்தது பேரரசர் செய்த பெரும்பாவம் என்பேன். அதற்கு விலை கொடுத்தவர்கள் விதைத் தானியத்தைக் கூட இழந்த குடியானவர்கள்.

1630 ஆகஸ்டில், ஜெர்மன் சிற்றரசர்கள் நெருக்கியதால் வாலன்ஸ்டைனைப் பேரரசர் பதவியிறக்கினார். தன் பெயரில் பல நகரங்களில் கடன் வாங்கியிருந்த டி விட்டேவுக்கு அதற்குமேல் வழியில்லை.

அப்புறம் எதிரியான ஸ்வீடன் படை ஜெர்மனிக்குள் முன்னேறியதும் அதே வாலன்ஸ்டைனையே திரும்ப அழைத்தார்கள். 1634 பிப்ரவரியில் எகர் நகரில் அவருடைய சொந்த அதிகாரிகளே அவரைக் கொன்றார்கள். அவருடைய நிலங்களைப் பேரரசர் தளபதிகளுக்குப் பங்கிட்டார். ஃப்ரீட்லாந்து, காலாஸ் என்ற தளபதியின் பங்குக்குப் போனது.